மாடியில் ஆங்கிலம், கீழே தமிழ்

ஆரணிக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. நான் போனது இரண்டுக்கும் அல்ல. சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு. ஆனால் ஆரணிக்குப் போய்விட்டுத் தறியைப் பார்க்காமல் திரும்புவது, திருவண்ணாமலைக்குப் போய் மலையைப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி. முகூர்த்தம் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, சிநேகிதர் என்னை ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கூடத்தில் பாதி இடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. குழியில் காலைத் தொங்கவிட்டபடி வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை. முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. மூலையில் அவருடைய தாயார், எண்பது வயசுக்குக் குறையாது, ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசற்படி தாண்டினால் தமிழ். ஆரணியே அப்படிப்பட்ட ஊர்தான். ஜாகீரை அனுபவித்த குடும்பம் மராத்தி பேசியது. 1751-இல் கிளைவ் இங்கே வந்து சண்டை போட்டு ஜயித்தபோது, எதிரே நின்ற படையில் பிரெஞ்சும் உருதுவும் காதில் விழுந்திருக்கும். கமண்டல நாகநதி எத்தனை பாஷைகளுக்குத் தண்ணீர் கொடுத்ததோ, யார் கணக்கு வைத்தார்கள்?

அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் இரண்டாவது வருஷம், ஆங்கில இலக்கியம் படிக்கிறான். அவனைத் தேடி வாசலில் ஒரு சிநேகிதன் வந்து நின்றான். அந்தச் சமயம் பார்த்துப் பாட்டி பேரனைத் தன் பாஷையில் ஏதோ கேட்டாள். பையன் சட்டென்று முகம் சிவந்து, "அப்புறம் வரேன், இரு" என்று தமிழில் பதில் சொன்னான். பாட்டிக்கு ஒன்றும் தோன்றவில்லை, ராட்டினம் சுற்றிக்கொண்டேயிருந்தது. ஆனால் தறி ஒரு நிமிஷம் நின்றதை நான் கவனித்தேன்.

சிநேகிதன் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார்: "இங்கிலீஷ் எடுடான்னு சொன்னதே நான்தான் சார். இந்தக் குழியிலே என்னோட போகட்டும்னு பார்த்தேன். இப்போ என்னடான்னா, இவன் இங்கிலீஷ் கத்துக்கிறானா, நம்மளை மறக்கக் கத்துக்கிறானான்னு தெரியலை."

என்ன பதில் சொல்வது? எனக்கு ஏ. கே. ராமானுஜனின் ஞாபகம் வந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பாதியும், வீட்டுக்கு வந்து யோசித்துப் பாதியுமாக நான் சொல்ல நினைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ராமானுஜன் என்றவுடன் கணித மேதையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் வேறு. ஆங்கில வாத்தியார். 1929 மார்ச் 16-ம் தேதி மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கணிதத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தகப்பனார் ஆத்திப்பட்டு அசூரி கிருஷ்ணசாமி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்.

அந்த வீட்டை ராமானுஜனே பிற்காலத்தில் வர்ணித்திருக்கிறார். கீழ்த்தளத்தில், சமையலறையைச் சுற்றி, அம்மாவின் தமிழ். மாடியில் தகப்பனாரின் புத்தக அறை, அங்கே ஆங்கிலம். வாசலுக்கு வெளியே தெரு முழுக்கக் கன்னடம். பூஜை, சாஸ்திரம் என்றால் சமஸ்கிருதம். ஒரு குழந்தை சோறு கேட்கக் கீழே இறங்கி, பாடம் கேட்க மாடி ஏறி, விளையாட வெளியே ஓடினால், ஒரு நாளில் மூன்று தேசம் போய்வந்த மாதிரி. இதில் எதுவும் அதிசயம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கும்.

தகப்பனாரும் அந்த வீட்டைப் போலத்தான். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, இடுப்பில் வேஷ்டி, மேலே இங்கிலீஷ் கோட்டு, கழுத்தில் டை. காலையில் குளித்துவிட்டுக் கீதை பாராயணம். சற்று நேரம் கழித்து அதே வாயால் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் பற்றிப் பேச்சு. வான சாஸ்திரமும் தெரியும், ஜோஸ்யமும் பார்ப்பார். வெளிநாட்டுக் கணித நிபுணர்களும் வருவார்கள், பஞ்சாங்கக்காரர்களும் வருவார்கள். வாலிபப் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. புதிதாகக் கண்டுபிடித்த கிரகங்கள் இருக்கும்போது பழைய ஒன்பதை வைத்துக்கொண்டு எப்படி ஜாதகம் கணிக்கிறீர்கள் என்று மடக்கினார். அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொண்டால் போயிற்று என்றாராம் தகப்பனார். மூளைக்கு இரண்டு பாகம் இருப்பது உனக்குத் தெரியாதா என்றும் கேட்டாராம். பிள்ளைக்கு அன்று கோபம்தான் வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதை வைத்தே, இந்தியர்கள் யோசிக்கும் விதம் என்று தனியாக ஒன்று உண்டா என்னும் பிரசித்தமான கட்டுரையை எழுதினார். தகப்பனாரின் பதிலுக்கு அர்த்தம் புரிய நமக்கெல்லாம் அவ்வளவு காலம் பிடிக்கத்தான் செய்கிறது.

பிள்ளைக்கு இளவயதில் இருந்த ஆசை வாத்தியாராவது அல்ல; மந்திரவாதியாவது. மேடையில் வித்தை காட்டுகிற மந்திரவாதி. தெருக்கோடித் தையற்காரரிடம் சொல்லி, ரகசியப் பைகள் வைத்த கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். அதற்குள் முயலும் பூங்கொத்தும் ஒளிந்திருக்கும். தலையில் உயரத் தொப்பி, கையில் கோல். பள்ளிக்கூடங்களிலும் மாதர் சங்கங்களிலும் போய் நிஜமாகவே வித்தை காட்டியிருக்கிறார்! வித்தைக்காரப் பையன் கல்லூரியில் விஞ்ஞானத்தில் சேர்ந்தான். இவனுக்குக் கணக்கில் புத்தி போகவில்லை என்று கண்டுகொண்ட தகப்பனார் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், ஆங்கில இலக்கியத்துக்கு மாற்றிச் சேர்த்துவிட்டு வந்தார். கணிதப் பேராசிரியர் ஒருவர் தம் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று ஒப்புக்கொள்வது சாமானியமா? இந்தக் காலத்துப் பெற்றோரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மகாராஜா கல்லூரியில் 1949-இல் ஆங்கில ஆனர்ஸ் பட்டம் பெற்று உத்தியோகத்துக்குப் புறப்பட்டார். கொல்லம், மதுரைத் தியாகராசர் கல்லூரி, பெல்காமில் லிங்கராஜ் கல்லூரி, கடைசியில் பரோடா. ஊர் ஊராகச் சுமார் எட்டு வருஷ ஆங்கில வாத்தியார் வாழ்க்கை. ஒவ்வோர் ஊரிலும் வகுப்பறைக்கு வெளியே ஒரு பாஷை: மலையாளம், தமிழ், கன்னடத்தோடு மராத்தி, குஜராத்தி. இவற்றுக்கு நடுவே ஷேக்ஸ்பியரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட 1857-லிருந்தே, ஆங்கில வாத்தியார் என்பவர் நம் ஊரில் வெறும் வாத்தியார் அல்ல, வாசல் காவற்காரர். அவர் திறந்துவிட்டால் உத்தியோகம், கௌரவம் எல்லாம் உண்டு. அவர்களில் மகான்களும் இருந்தார்கள். கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் 1862-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, 1907 வரையில் அந்தக் கல்லூரிக்காகவே வாழ்ந்தார். மாக்பெத், லியர் அரசன், ஒதெல்லோ, ஹாம்லெட் நாடகங்களில் மனித குணத்துக்கான பாடத்தைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் எழுதினார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1901-இல், மாணவர்கள் சென்னையில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். வாத்தியாருக்குச் சிலை வைத்த காலம்! ஆனால் மில்லரிடம் ஓடிய நதி பல கல்லூரிகளுக்கு வந்து சேருவதற்குள் வாய்க்காலாகி, கடைசியில் குட்டையாகிவிட்டது. நான் இரண்டு வருஷம் படித்த கல்லூரியில் ஆங்கிலம் என்றால் நோட்ஸ். அவர் சொல்வார், நாங்கள் எழுதுவோம். பரீட்சையில் அதையே கக்குவோம். ஒரு கவிதைக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாமா என்று கேட்டுவிட்டு நான் ஒரு மணி நேரம் நின்றதுண்டு. பெயர் எதற்கு? அவரையும் அப்படித்தானே யாரோ நிற்க வைத்திருப்பார்கள்.

ராமானுஜன் வகுப்பை முடித்துவிட்டு என்ன செய்தார் என்பதில்தான் விசேஷம். ஆங்கில வாத்தியார் ஓய்வு நேரத்தில் ஆங்கிலப் புத்தகத்துக்கு உரை எழுதி விற்பதுதான் ஊர் வழக்கம். இவர் கிழவிகளிடம் கதை கேட்டார். கன்னட நாட்டில் சமையலறையிலும் திண்ணையிலும் சொல்லும் கதைகள், பழமொழிகள், விடுகதைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். 1955-இல் பழமொழிகளைப் பற்றிக் கன்னடத்தில் 'காதெகளு' என்று ஒரு புத்தகமே வந்தது. அப்படிச் சேர்த்த நாட்டுக் கதைகளில் நாற்பது வருஷம் அவருடைய கை இருந்தது. 1991-இல் வெளியான இந்திய நாட்டுக் கதைத் தொகுதி உலகமெங்கும் படிக்கப்படுகிறது. கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டலா' நாடகம்கூட இவரிடம் கேட்ட கதைகளிலிருந்து பிறந்ததுதான்.

அந்தக் கதைகளில் ஒன்றை ஆரணிக் கூடத்தில் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் தெரியும், ஒரு பாட்டும் தெரியும். யாருக்கும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கிடந்து மூச்சு முட்டிய கதை, ஒரு நாள் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது வெளியே குதித்து, ஆண்பிள்ளைச் செருப்பு ஜோடியாகி வாசலில் உட்கார்ந்தது. பாட்டு ஒரு கோட்டாகி ஆணியில் தொங்கியது. புருஷன் வந்து பார்த்தான். யாருடைய செருப்பு? யாருடைய கோட்டு? அவளுக்கே தெரியாது. பெரிய சண்டை. அவன் கோபித்துக்கொண்டு அனுமார் கோயிலில் போய்ப் படுத்தான். ராத்திரி ஊரில் அணைக்கப்பட்ட விளக்குகளின் சுடர்களெல்லாம் அந்தக் கோயிலில் கூடி வம்பளப்பது வழக்கம். அந்த வீட்டுச் சுடர் மட்டும் நேரம் கழித்து வந்து, நடந்த விஷயத்தைச் சொல்லிற்று. கேட்டுக்கொண்டிருந்த புருஷன் வீட்டுக்கு ஓடி, அந்தக் கதை என்ன, பாட்டு என்ன என்று கேட்டான். எந்தக் கதை, எந்தப் பாட்டு என்றாள் அவள். மறந்தே போய்விட்டது.

பையன் சிரித்தான். தறிக்காரர் சிரிக்கவில்லை.

1958-இல் ராமானுஜன் பூனாவின் டெக்கான் கல்லூரிக்குப் போய் மொழியியல் படித்தார். அடுத்த வருஷம் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா. இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் டாக்டர் பட்டம். ஆராய்ச்சி செய்தது கன்னட இலக்கணத்தை. அதற்குள்ளாகவே சிகாகோப் பல்கலைக்கழகத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. சொல்லிக் கொடுக்க வேண்டியது ஆங்கிலம் அல்ல. தமிழும் திராவிட மொழிகளும்!

இங்கேதான் கதையின் திருப்பம். 1962-இல், சிகாகோவுக்கு வந்த புதிது. ஒரு சனிக்கிழமை. பழந்தமிழுக்குச் சின்னதாக ஓர் இலக்கணப் புத்தகம் அகப்படுமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கினார். பழந்தமிழ் அவருக்குத் தெரியாது, படித்ததில்லை. வீட்டுத் தமிழ்தான் தெரியும். தேடிக்கொண்டு போனவர் கையில், உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு சிக்கியது. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து புரட்டினார். ஐயரின் உரை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. உரை வழியே பாட்டுக்குள் போய்விட்டார். இரண்டாயிரம் வருஷத்துச் சொத்துக்கு வாரிசாக இருந்துகொண்டு, அது இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் திரிந்திருக்கிறோமே என்று பிரமித்துப் போனார். தன்னுடைய மரபு என்பதுகூடப் பிறப்பினால் தானாக வந்துவிடுவதில்லை, உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் எழுதியதன் சாரம் அந்தச் சனிக்கிழமைதான்.

எனக்கு இதைப் படிக்கும்போது சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஐயர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியது நம் நாட்டில். புத்தகமும் நம் நாட்டில்தான் அச்சாயிற்று. மதுரையிலே, சங்கம் இருந்ததாகச் சொல்லும் ஊரிலே, இவர் வாத்தியாராக இருந்திருக்கிறார். அங்கே அகப்படாத குறுந்தொகை பனிகொட்டும் சிகாகோவில், பூமிக்கு அடியில் அகப்பட்டது! குற்றம் யாருடையது? மதுரையில் அவருடைய வேலை ஆங்கிலம். ஆங்கில வாத்தியாருக்குத் தமிழ்ப் பாட்டு எதற்கு என்று அவரும் கேட்டிருக்க மாட்டார், ஊரும் கேட்டிருக்காது. நம் கல்லூரிகளில் தமிழ்ப் பகுதிக்கும் ஆங்கிலப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தாழ்வாரம் பத்தடிதான் இருக்கும். அதைக் கடக்க அவருக்குக் கடலைத் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது.

ஐந்து வருஷத்தில், 1967-இல், குறுந்தொகைப் பாட்டுகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அகம் என்ற சொல்லையும் திணை என்ற கருத்தையும் சேர்த்து, 'உள்ளே இருக்கும் நிலக்காட்சி' என்று பொருள்படும்படி அந்தப் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். பிறகு கன்னட வசனங்கள் 1973-இல், நம்மாழ்வார் 1981-இல், சங்கப் பாட்டுகளின் பெரிய தொகுதி 1985-இல். இடையே அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல். செம்புலப்பெயனீராரின் குறுந்தொகைப் பாட்டு இவருடைய மொழிபெயர்ப்பினால் உலகப் பிரசித்தியாயிற்று. விக்ரம் சந்திரா 1995-இல் எழுதிய ஆங்கில நாவலுக்கு அதிலிருந்துதான் பெயர் எடுத்தார்.

அவர் பாட்டை அணுகும் விதமே ஒரு போதனா முறை. ஒரு சிறு பாட்டை எடுத்துக்கொள்வார். ஓசை எப்படி, சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, எந்த நிலம், யார் யாரிடம் சொல்வது, இதன் பக்கத்தில் நிற்கும் பாட்டுகள் எவை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பது அவர் விளக்கிக் காட்டிய ரகசியங்களில் ஒன்று. என்னுடைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 'நேற்று ஆரணியிலிருந்து வந்த பையன்' என்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால், பையன் முதலில் வந்துவிடுவான், அப்புறம் வந்தது, அப்புறம் ஆரணி, நேற்று என்பது கடைசியில். நமக்கு யார் என்பது கடைசியில்தான் தெரியும். அவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடும். சங்கப் புலவன் பாட்டின் கடைசிச் சொல்லில் ஒளித்து வைத்ததை ஆங்கிலத்தில் எப்படி முதல் வரியில் கொட்டாமல் காப்பது? இதற்காக அவர் வரிகளை உடைத்து, படிப்படியாக இறக்கி, வருஷக் கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார்.

இதை ஆரணிப் பையனிடம் சொன்னபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க கிளாஸ்லே ஆர்டர் தப்புன்னு அடிச்சு அடிச்சுப் போடுவாங்க சார். ஏன் தப்பு வருதுன்னு யாரும் சொன்னதில்லே" என்றான். பிறகு வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்தான். "எங்க பாஷையிலேயும் தமிழ் மாதிரிதான் சார் வருது!" என்றான். வீட்டுப் பாஷையைப் பற்றி அவனாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ராமானுஜன்மீது குறை சொல்பவர்களும் உண்டு. சங்கப் புலவர்களைச் சிகாகோவின் புதுக்கவிகளைப்போல் பேச வைத்துவிட்டார் என்பார்கள். கொஞ்சம் நிஜம்தான். ஆனால் மியூஸியத்தில் வைத்த பொம்மையைப்போல் பேச வைத்தவர்களின் மொழிபெயர்ப்புகளை இன்று யார் படிக்கிறார்கள்? என்னுடைய குறை வேறு. அவருடைய சொந்தக் கவிதைகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான். தாயாரோடு பேசிய பாஷையில் அவர் ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருவேளை கீழ்த்தளத்துப் பாஷை எழுதுவதற்கல்ல, கேட்பதற்குத்தான் என்று இருந்துவிட்டாரோ என்னவோ.

1976-இல் பத்மஸ்ரீ வந்தது. 1983-இல் அமெரிக்காவின் மக்கார்தர் விருது. 1993 ஜூலை 13-ம் தேதி சிகாகோவிலேயே காலமானார். வயது 64. சாகித்ய அகாதெமி 1999-இல் அவருடைய ஆங்கிலக் கவிதைத் தொகுதிக்குப் பரிசு கொடுத்தது. ராமாயணங்கள் பலவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகம் 2011-இல் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஒரு கதை ஊருக்கு ஊர் வேறு வேறாகச் சொல்லப்படுகிறது என்பது நம் பாட்டிமார்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைக் கல்லூரிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளக்கூடாது என்று முடிவு செய்வதற்குப் பெரிய பெரிய படிப்பெல்லாம் வேண்டியிருந்தது.

ஆரணிக்குத் திரும்புகிறேன். செருப்பும் கோட்டுமான அந்தக் கதையை நான் தமிழில்தான் சொன்னேன். பாட்டிக்குத் தமிழ் தெரியும். ஆனால் காது மந்தம், என் பேச்சு முழுசும் பிடிபடவில்லை. "என்னடா சொல்றார்?" என்று பேரனைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. பையன் என்னை ஒருதரம் பார்த்தான். வாசலை ஒருதரம் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உரத்த குரலில், சௌராஷ்டிரத்தில் கதையை முதலிலிருந்து சொன்னான். சுடர்கள் வம்பளக்கும் இடத்தில் பாட்டி ராட்டினத்தை நிறுத்திவிட்டாள்.

கதை முடிந்ததும் அவள் ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றேன்.

"தனக்கும் கதையெல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்றாங்க, சார்."

தறிக்காரர் நாடாவை ஓரமாக வைத்துவிட்டுக் குழியிலிருந்து தாயாரிடம் ஒரு வார்த்தை சொன்னார். கிழவி வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பையன் இரண்டு வாக்கியம் பின்தங்கியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்; நடுவில் ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் தகப்பனாரைக் கேட்டான்; அவருக்கும் தெரியவில்லை.

சிநேகிதர் கடிகாரத்தைக் காட்டினார். வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.